மடியில் கனமில்லாத கணினி

'மடிக்கணினி' என்பது தமிழுக்கு வாய்த்த நல்ல கலைச்சொற்களுள் ஒன்று. மடியில் வைத்துக்கொள்வது, மடித்து வைப்பது என்ற இரு பொருளும் அதில் இயல்பாகப் பொருந்தியிருக்கின்றன. மூன்றாவது பொருளொன்றும் உண்டு. வேட்டியின் இடுப்பு மடிப்பில் பணம் முடிந்து வைக்கும் இடத்தையும் நம் மக்கள் மடி என்றே சொல்கிறார்கள். 'மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்' என்ற பழமொழியில் வருவது இந்த மடி. கலைச்சொல்லை ஆக்கியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் மடிக்கணினி வைத்திருப்போர் எல்லோருக்கும் இந்த மூன்றாவது பொருள் நன்றாகவே தெரியும். பேருந்தில் பையை மேலே வைக்காமல் அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதற்குக் கருவியின் விலை மட்டும் காரணமன்று. உள்ளே இருக்கும் ஆய்வேடு, பாதி எழுதிய கட்டுரை, பிள்ளைகளின் புகைப்படங்கள் ஆகியவையே உண்மையான கனம்.

இந்தக் கனத்தை மடியிலிருந்து இறக்கி வேறெங்கோ பத்திரமாக வைத்துவிடலாம் என்பதுதான் மேகக் கணிமையை நம்பி இயங்கும் மடிக்கணினிகளின் அடிப்படை வாக்குறுதி. கருவி உங்களிடம் இருக்கும். அதில் உள்ளவை எங்கோ தொலைவிலுள்ள வழங்கிகளில் இருக்கும். கருவியை எங்கிருந்தும் கட்டுப்படுத்த ஒரு நிருவாகி இருப்பார். தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எழுத்து எதன்மேல் எழுதப்படுகிறது, யார் காவலில் இருக்கிறது, யார் சொன்னால் அழியும் என்பவை இலக்கியம் படிப்போர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகள்தாம். ஏட்டுக்கும் அச்சுக்கும் கேட்ட கேள்விகளை இந்தப் புதிய கருவிக்கும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

எண்ணம் புதிதன்று. ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மின்சாரமும் தொலைபேசியும் போலக் கணிப்புத் திறனும் ஒருநாள் பொதுச் சேவையாகக் குழாய்வழி வரக்கூடும் என்று ஜான் மெக்கார்த்தி 1961இல் பேசினார். அக்காலத்தில் பயனரின் முன்னால் இருந்தது வெறும் முனையம். அறிவெல்லாம் தொலைவிலிருந்த பெரிய இயந்திரத்தில் இருந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் சொந்தக் கணினிகள் பெருகியபோது இந்த நிலை தலைகீழானது. இயந்திரம் மேசைக்கு வந்தது. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை மேசையின் முன் இருந்தவர் தீர்மானித்தார். 1990களின் நடுப்பகுதியில் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் 'வலைப்பின்னல் கணினி' என்ற பெயரில் பழைய முனையத்தை மீட்டெடுக்க முயன்றார். இணைய வேகம் போதாததாலும் சொந்தக் கணினிகளின் விலை வீழ்ந்துகொண்டே வந்ததாலும் அது எடுபடவில்லை.

கூகுள் நிறுவனம் குரோம் இயங்குதளத்தை 2009 ஜூலையில் அறிவித்தது. உலாவியே இயங்குதளம் என்பது அதன் சுருக்கம். 2010 டிசம்பரில் சோதனைக் கணினிகளைப் பலருக்கு இலவசமாக அனுப்பினார்கள். 2011 ஜூனில் சாம்சங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக்குகள் கடைக்கு வந்தன. தொடக்கத்தில் பலரும் நகைத்தார்கள். இணையம் இல்லாவிட்டால் இது எழுதும் பலகைக்குக்கூட ஆகாது என்றார்கள். ஆனால் அமெரிக்கப் பள்ளிகள் சில ஆண்டுகளிலேயே அவற்றை மொத்தமாக வாங்கத் தொடங்கின. 2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க இவ்வகைக் கருவிகளே பெருமளவில் கைகொடுத்தன.

பள்ளிகள் விரும்பியதற்குக் காரணம் விலை மட்டுமன்று. உள்ளே நடப்பதைச் சற்றுப் பார்த்தால் இது விளங்கும். இந்தக் கணினியை இயக்கியவுடன், மாற்ற முடியாதபடி எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் விழித்துக்கொள்கிறது. அடுத்து இயங்கவேண்டிய பகுதியின் முத்திரை சரியாக உள்ளதா என்று அது சரிபார்க்கிறது. அப்பகுதி அதற்கடுத்த பகுதியைச் சரிபார்க்கிறது. இயங்குதளத்தை யாரேனும் ஓரிடத்தில் திருத்தியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. கணினி அந்த நிலையில் மேற்செல்லாது. இயங்குதளத்துக்கு இரண்டு படிகள் வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதுப்பிப்பு ஓசையின்றி எழுதப்படும். அடுத்தமுறை இயக்கும்போது புதிய படி முன்னுக்கு வரும். அதில் கோளாறு என்றால் பழைய படி இருக்கிறது. ஒவ்வொரு பயனரின் கோப்புகளும் தனித்தனியே மறையாக்கம் செய்யப்பட்டு வைக்கப்படுகின்றன. ஆகவே ஒரே கருவியைப் பத்துப் பேர் பயன்படுத்தினாலும் ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்க இயலாது. எல்லாவற்றையும் துடைத்துப் புதுக் கருவியாக்கச் சில நிமிடங்கள் போதும்.

பென் டிரைவ் வழியே வைரஸ் பரவிய காலத்தில் கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது தெரியும். ஒரு மாணவர் கொண்டுவந்த பென் டிரைவால் நாற்பது கணினிகள் முடங்கி, தேர்வுக்கு முந்தைய இரவெல்லாம் ஒவ்வொன்றாக விண்டோஸ் நிறுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கருவி தொலைந்தாலும் ஆய்வேடு தொலையாது என்பது சிறிய காரியமன்று. ரயிலில் கணினியைப் பறிகொடுத்து, அதனுடன் மூன்றாண்டு உழைப்பையும் இழந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருப்பார்கள். அவர்களிடம் போய் மேகக் கணிமையின் தீமைகளைப் பேசுவது அறமாகாது. கனம் இறங்கியது உண்மை. வழியில் பயம் போனதும் உண்மை.

*

இனி, நிருவாகி என்ற பாத்திரத்துக்கு வருவோம்.

ஒரு நிறுவனம் இக்கருவிகளை வாங்கும்போது ஒவ்வொன்றையும் தன் பெயரில் பதிவு செய்துகொள்கிறது. மாட்டின் தொடையில் சூட்டுக்குறி இடுவதைப் போன்றது இது. பதிந்தால் லேசில் போகாது. கருவியை முழுவதுமாகத் துடைத்தாலும், மறுபடி இணையத்துடன் இணைந்த உடனே அது தன் உரிமையாளர் யார் என்பதை நினைவுக்குக் கொண்டுவந்து, அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குத் திரும்பிவிடும். எந்தத் தளங்களைத் திறக்கலாம், எந்தச் செயலிகளை நிறுவலாம், யார் உள்நுழையலாம், வெளியேறும்போது கோப்புகள் இருக்க வேண்டுமா அழிய வேண்டுமா என அனைத்தையும் ஒரு திரையின் முன் அமர்ந்து ஒருவர் தீர்மானிக்கலாம். தொலைந்த கருவியைத் தொலைவிலிருந்தே முடக்கி, 'இதைக் கண்டெடுத்தவர் இன்ன முகவரியில் ஒப்படைக்கவும்' என்ற அறிவிப்பை அதன் திரையில் தோன்றச் செய்யலாம்.

இது ஒரு நிறுவனத்தின் தனிச் சரக்கன்று. ஆப்பிள் கருவிகளுக்கும் விண்டோஸ் கணினிகளுக்கும் இதே வேலையைச் செய்யும் ஏற்பாடுகள் உண்டு. வங்கி ஊழியர் கையிலுள்ள மடிக்கணினி, மென்பொருள் நிறுவனம் தரும் கணினி, பள்ளி தரும் பலகைக் கணினி எனப் பெரும்பாலானவை இப்படி யாரோ ஒருவரின் திரையில் ஒரு வரியாக இருப்பவையே. நாம் விசைப்பலகையின் முன்னால் இருக்கிறோம் என்பதால் கணினி நம் ஆளுகையில் இருப்பதாக எண்ணுவது பழைய காலத்துப் பழக்கம்.

இந்த அதிகாரம் எப்படியெல்லாம் பயன்படக்கூடும் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். மூன்றும் உலகறிந்தவை.

முதலாவது, 2009 ஜூலையில் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில பதிப்புகளை, அவற்றை விற்கும் உரிமை இல்லாத ஒருவர் அமேசான் கிண்டில் கடையில் சேர்த்திருந்தார். தவறு தெரியவந்ததும் அமேசான் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்நூல்களை நீக்கியது. குடிமக்களின் நினைவிலிருந்து ஆவணங்களை அழிக்கும் அரசைப் பற்றிய நாவலே இப்படி அழிந்ததைப் பலரும் எடுத்துக்காட்டினார்கள். எங்களைத் தைத்தது வேறொரு செய்தி. அந்த நாவலைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவர் பக்கங்களினூடே குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் போனபின் குறிப்புகள் மட்டும், எந்த வரிக்கு எழுதியவை என்றே தெரியாமல் அந்தரத்தில் நின்றன. உரை இருந்து மூலம் தொலைந்த நூல்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஒரே இரவில் அப்படியோர் உரையாசிரியர் உருவானது இதுதான் முதல்முறையாக இருக்கும். அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மாணவர் தொடுத்த வழக்கும் உடன்பாட்டில் முடிந்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தில் 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. மேல்நிலை மாணவர்களுக்கு அங்கே மடிக்கணினி தந்திருந்தார்கள். திருடுபோனால் கண்டுபிடிப்பதற்காக, கணினியின் கேமராவையும் திரையையும் தொலைவிலிருந்து படமெடுக்கும் வசதி அவற்றில் இருந்தது. ஒரு மாணவரைப் பள்ளியில் அழைத்து, வீட்டில் அவர் தகாத மாத்திரை உட்கொண்டதாகச் சொல்லி அவருடைய கணினி எடுத்த படத்தையே காட்டியதாக வழக்கு எழுந்தது. அது மிட்டாய் என்றார் மாணவர். விசாரணையில், அந்த ஏற்பாடு பல்லாயிரக்கணக்கான படங்களை எடுத்துக் குவித்திருந்தது தெரியவந்தது. மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. திருடனைப் பிடிக்க வைத்த கண் வீட்டுக்குள் திரும்பியதற்குத் தொழில்நுட்பம் தடை சொல்லவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சியில் நிருவாகி என்று ஒருவரே இல்லை. மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் கணக்கை 2012 ஆகஸ்டில் சிலர் கைப்பற்றினார்கள். அவர்கள் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசிப் பெற்ற துண்டுத் தகவலை இன்னொரு நிறுவனத்திடம் சான்றாகக் காட்டி உள்ளே புகுந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய ட்விட்டர் பெயர். அவர் குறுக்கே வராமல் இருப்பதற்காக, திருட்டுப்போன கருவியைத் துடைப்பதற்கென்று உள்ள வசதியைக் கொண்டே அவருடைய தொலைபேசி, பலகைக் கணினி, மடிக்கணினி மூன்றையும் தொலைவிலிருந்து துடைத்தார்கள். அவருடைய மகளின் முதலாண்டுப் படங்கள் அதில் இருந்தன. பின்னர்த் தரவு மீட்பு நிறுவனத்திடம் கட்டணம் கொடுத்துப் பெரும்பகுதியை மீட்டார். பூட்டுக்குச் சாவி எவர் கைக்குப் போகிறதோ அவரே நிருவாகி என்பதை அவர் தாமே விரிவாக எழுதினார்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தொலைவிலிருந்து அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் நின்றுபோனதையும் இங்கே நினைவுகூரலாம். விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச்சீட்டுகளைக் கொடுத்தார்கள். எங்கிருந்தோ அனுப்பியது எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் சென்றடைந்தது. சரிசெய்வதற்கோ பல இடங்களில் ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருந்தது.

*

இவையெல்லாம் செய்தித்தாளில் வருமளவு பெரியவை. எங்கள் துறையில் நடந்தது செய்தியாக வரத்தக்கதன்று. ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

நாங்கள் பணியாற்றும் கல்லூரி சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்களுக்கு இவ்வகை மடிக்கணினிகளை வழங்கியது. எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் நாட்டார் வழக்காற்றியலில் ஈடுபாடு உள்ளவர். பல ஊர்களில் இழவு வீடுகளுக்கும் கருமாதிக்குப் பிந்தைய நாட்களில் பெண்களைத் தேடியும் சென்று, ஒப்பாரிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்துவந்தார். துக்கம் இல்லாத நேரத்தில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று மறுக்கும் பெண்களிடம் பலமுறை போய், திண்ணையில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, ஒருநாள் அவர்களாகவே பாடும்வரை காத்திருந்து சேர்த்தவை அவை. பாடல்களின் எழுத்து வடிவத்தை அவர் மேகத்தில் வைத்திருந்தார். ஒலிக்கோப்புகள் பெரியவை. கல்லூரி இணையத்தில் அவற்றை ஏற்ற முயன்றால் பாதியில் நின்றுவிடும். ஆகவே அவை கணினியின் உள்ளேயே, பதிவிறக்கக் கோப்புறையில் இருந்தன.

அவர் ஓய்வுபெற்றார். விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினோம். விதிப்படி கணினியை ஒப்படைத்தார். ஒலிக்கோப்புகளைப் படியெடுக்க இரண்டு நாள் கழித்து வருவதாக அலுவலகத்தில் சொன்னார்; அவர்களும் சரி என்றார்கள். ஆனால் பணியிலிருந்து விலகியவரின் கணக்கு மறுநாளே நிறுத்தப்பட வேண்டும், அவர் கருவி அடுத்தவருக்கு வழங்க ஆயத்தமாகத் துடைக்கப்பட வேண்டும் என்று வேறோர் இடத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அது அலமாரியில் இருந்த கணினியைத் தேடி வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. யாரோ ஒருவர் பட்டியலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தார். புதிய ஆசிரியருக்குத் தருவதற்காகக் கணினியை இயக்கியபோது அது இணையத்துடன் இணைந்தது, ஆணையைப் படித்தது, தன்னைத் துடைத்துக்கொண்டது.

நாங்கள் நால்வர் போய்ப் பேசினோம். கணக்கை மீட்கக் கெடு இருந்ததால் பாடல்களின் எழுத்து வடிவம் திரும்பக் கிடைத்தது. ஒலி கிடைக்கவில்லை. பழைய கணினி என்றால் வன்தட்டைக் கழற்றிக்கொண்டு போய் மீட்டுத் தரும் கடைகள் உண்டு. இங்கே கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. துடைக்கும்போது திறவுகோலும் அழிந்துவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்த அந்த நல்ல ஏற்பாடே மீட்க வழியில்லாமல் செய்துவிட்டது. கணினிப் பிரிவு இளைஞர் மிகவும் வருந்தினார். "சார், சிஸ்டம் கரெக்டாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை. அலுவலகம் விதியைப் பின்பற்றியது. பேராசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கருவி ஆணைக்குக் கீழ்ப்படிந்தது. பிழை செய்தவர் என்று ஒருவரைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை.

எழுத்து வடிவம் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஒப்பாரியைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓர் அடியின் முடிவில் குரல் இழுபடும் இடத்தில், மூச்சு தட்டி நிற்கும் இடத்தில், பக்கத்திலிருக்கும் பெண் 'ஆமடி' என்று சேர்ந்துகொள்ளும் இடத்தில்தான் அந்தப் பாட்டு இருக்கிறது. பாடியவர்களுள் சிலர் இன்று உயிரோடில்லை. அவர்கள் சாவுக்குப் பாட அவர்களைப் போன்றவர்களும் அதிகம் இல்லை.

*

மேகத்தைக் குறை சொல்லும்போது, ஏடும் ஏட்டுக் காவலும் நன்றாக இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. தேவாரம் கிடைத்த வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. தில்லைக் கோயிலில் ஏடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்றார்கள் காவலர்கள். மூவரும் மறைந்து நெடுங்காலமாகியிருந்தது. மன்னன் அவர்களின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே கறையான் புற்று மூடிக் கிடந்தது. எஞ்சியவையே இன்று நம்மிடம் இருப்பவை. கணக்கின் உரிமையாளரே வந்து சான்று காட்ட வேண்டும் என்ற விதியைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்குத் தில்லையின் அந்தக் கதவு நினைவுக்கு வருகிறது. காவல் இறுகியிருந்தது, காக்கப்பட்டதோ உள்ளேயே அரித்துப்போனது.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனதை எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொன்னார்கள். அப்படிச் செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம். அங்கும் விதி பிசகாமல்தான் காரியம் நடந்திருக்கிறது. அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று கேட்கும் இடம் அந்த முறைமையில் இல்லை. எங்கள் கல்லூரியின் பட்டியலிலும் அப்படியொரு கட்டம் இல்லை.

ஆனால் ஏட்டுக் காலத்துக்கு ஒரு நன்மை இருந்தது. ஒரு நூலுக்குப் படிகள் பல இடங்களில் இருந்தன. ஓர் ஆதீனத்தில் அழிந்தது ஒரு கவிராயர் வீட்டுப் பரணில் கிடைத்தது. அழிப்பதற்கு நெருப்போ நீரோ ஒவ்வோர் இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. ஓர் ஆணை எல்லாப் பரணுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேரவில்லை.

*

தமிழ்க் கணிமையின் வரலாறும் இங்கே ஒன்றைச் சொல்கிறது. கணினிக்குள் தமிழ் வந்தது பெருநிறுவனங்களின் அருளால் அன்று. 1980களின் நடுவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்திலிருந்து கு.கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை எழுத்துரு, பின்னர் அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் எனத் தனியாட்களும் சிறு குழுக்களும் செய்து கொடுத்தவற்றை நாம் நம் கணினிகளில் நிறுவிக்கொண்டோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து சங்க நூல்களையும் பிறவற்றையும் தட்டச்சு செய்தார்கள். இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒரு சிறிய உரிமை இருந்தது: சொந்தக் கணினியில் யாரையும் கேட்காமல் ஒரு நிரலையோ எழுத்துருவையோ சேர்க்கலாம். அன்று எல்லாக் கணினிகளும் நிருவாகியின் அனுமதிப் பட்டியலில் கட்டுப்பட்டிருந்தால், யாரும் கேள்விப்பட்டிராத ஓர் எழுத்துருவை எந்த நிருவாகி அனுமதித்திருப்பார்?

இந்த உரிமையால் குழப்பமும் விளைந்தது. ஆளுக்கொரு குறியேற்றம் என்றாகி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஒருங்குறி பரவிய பின்பே அந்தத் துன்பம் தீர்ந்தது. இன்றைய குரோம் கணினியில் தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகள் தயாராகவே இருக்கின்றன. எதையும் நிறுவ வேண்டியதில்லை. புதிதாக எழுதுபவருக்குக் குறையொன்றுமில்லை. பழையதைத் திறக்க வேண்டியவர்தான் தவிக்கிறார். 1990களிலும் 2000களிலும் பாமினியிலும் டாப், டாம் எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்த ஆய்வேடுகள் துறை அலமாரியில் குறுந்தகடுகளாகக் கிடக்கின்றன. இயங்குதளத்தைத் தொட முடியாத, விண்டோஸ் நிரல் ஓடாத கணினியில் அவை வெறும் கீறல்கள். முத்திரை குலையாத இயந்திரத்தில் பழைய எழுத்துருவுக்கு இடமில்லை.

இயந்திரத்தின் ஆயுளும் தொலைவிலிருந்தே அளக்கப்படுகிறது. குரோம்புக்குக்குப் புதுப்பிப்பு நிற்கும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கெடு நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. மாதிரி வெளிவந்த காலத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. விசைப்பலகையும் திரையும் நன்றாக இருக்கும்போதே பள்ளிகள் அவற்றைக் குப்பையில் போட நேர்ந்ததால் கடும் விமரிசனம் எழுந்து, 2023 செப்டம்பரில் கூகுள் அந்தக் காலத்தைப் பத்தாண்டுகளாக நீட்டித்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

*

ஆகவே, கேட்க வேண்டியதைக் கேட்பதே நம் வேலை. கல்லூரி கருவியைத் திரும்பப் பெறுவதில் தவறில்லை, கருவி கல்லூரியுடையது. அதில் எழுதப்பட்டதும் பதியப்பட்டதும் அதே கணக்கில் வருமா என்பதுதான் கேள்வி. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொள்வார். பரணில் இருக்கும் பெட்டியை எரிக்க மாட்டார். வெளியேறுபவருக்கு ஒரு கெடு, தன்னுடையவற்றைப் படியெடுத்துக்கொள்ளும் உரிமை, துடைப்பதற்கு முன் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைத் தொலைபேசியில் அழைத்து 'எல்லாம் எடுத்துக்கொண்டீர்களா' என்று கேட்பது ஆகிய மூன்றும் எந்த இயங்குதளத்துக்கும் எதிரானவை அல்ல. இவற்றை நாங்கள் எழுத்தில் கேட்டோம். முதலிரண்டும் இப்போது எங்கள் கல்லூரி விதியில் சேர்ந்துவிட்டன. மூன்றாவதை விதியாக எழுத முடியாது என்றார்கள். கணினிப் பிரிவு இளைஞர் விதியில்லாமலே அதைச் செய்துவருகிறார்.

துறையளவில் ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஆய்வு மாணவர்களின் பதிவுகளையும் படங்களையும் இரண்டு தனி வன்தட்டுகளில் படியெடுக்கிறோம். ஒன்று துறையின் இரும்பு அலமாரியில் இருக்கும். மற்றொன்று நூலகத்தில் இருக்கும். இணையத்துடன் இணையாதவை என்பதால் எந்த ஆணையும் அவற்றைத் தொட முடியாது. தூசும் ஈரமும் தொடக்கூடும். அதற்கு நாம் பழகியவர்கள். மேகத்திலும் ஒரு படி இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை.

பேராசிரியர் மறுபடி ஊர்களுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். முன்பு பாடிய பெண்களுள் மூவர் பாட இசைந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர், முன்பு பாடியது நினைவில்லை, இப்போது வேறு மாதிரித்தான் வரும் என்று சொன்னாராம். வரட்டும் என்று ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இம்முறை அவருடன் எங்கள் ஆய்வு மாணவர்கள் இருவரும் போகிறார்கள். ஊரை விட்டுப் புறப்படும் முன் பதிவை மூன்று இடங்களில் படியெடுக்கிறார்கள். மடியில் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. வழியில் பயமும் இருக்கத்தான் செய்யும்.